வாக்குச்சாவடி வாசலில் யாருடைய காவல்?

1742 ஜனவரி 22 அன்று பிரிட்டிஷ் மக்களவையில் மூன்று மாஜிஸ்திரேட்டுகள் மண்டியிட வைக்கப்பட்டார்கள். நத்தானியேல் பிளாக்கர்பி, ஜார்ஜ் ஹோவர்டு, தாமஸ் லெடியார்டு ஆகிய மூவரையும் முழங்காலில் நிறுத்தியே சபாநாயகர் ஆர்தர் ஆன்ஸ்லோ கடிந்துரைத்தார். அவர்கள் மீதிருந்த குற்றச்சாட்டு லஞ்சமோ கள்ள ஓட்டோ அல்ல. முந்தைய ஆண்டு மே மாதம் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதித் தேர்தலின்போது, அமைதி குலைகிறது என்று காரணம் காட்டி ராணுவத்தைக் கூப்பிட்டார்கள். அதற்காகத்தான் அந்தத் தண்டனை.

தேர்தல் நாளில் கலவரம் வந்தால் படை வருவது இயல்புதானே என்று இன்றைய வாசகருக்குத் தோன்றலாம். அன்றைய தேர்தல் எப்படி நடந்தது என்று தெரிந்தால்தான் அந்தக் கோபம் புரியும். வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதிக்கான வாக்கெடுப்பு கோவென்ட் கார்டன் சதுக்கத்தில், செயின்ட் பால் தேவாலயத்தின் பெரிய தூண்களுக்கு முன்னால் நடக்கும். அங்கே மரப்பலகையால் மேடை கட்டுவார்கள். வாக்காளர் மேடையேறித் தன் பெயரையும், யாருக்கு வாக்கு என்பதையும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். எழுத்தர் பதிவேட்டில் குறித்துக்கொள்வார். கீழே நிற்கும் கூட்டம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். வாக்கெடுப்பு ஒரே நாளில் முடியாது, நாள்கணக்கில் ஓடும். ஆகவே அந்த மேடைப் படிக்கட்டு வரை யாரால் போக முடிகிறது, யாரால் போக முடியவில்லை என்பதிலேயே பாதித் தேர்தல் முடிந்துவிடும். கூட்டத்தை ஒதுக்கி வழிவிடும் அதிகாரம் யார் கையில் இருந்ததோ, அவர் கையில் முடிவும் இருந்தது.

1741-இல் அரசுத் தரப்பில் லார்டு சண்டனும் சர் சார்லஸ் வேஜரும் நின்றார்கள். எதிரே அட்மிரல் வெர்னனும் சார்லஸ் எட்வினும். வாக்குகளை எண்ணி முடிவை அறிவிக்க வேண்டியவர் ஹை பெய்லிஃப் ஜான் லீவர். நம்மூர்க் கணக்கில் தேர்தல் நடத்தும் அதிகாரி. எதிர்த்தரப்பு வாக்காளர்கள் வந்துகொண்டிருக்கும்போதே அவர் வாக்கெடுப்பை மூடி, அரசு வேட்பாளர்கள் வென்றதாக அறிவித்தார். சிப்பாய்கள் சூழ்ந்து நின்றார்கள். இத்தனைக்கும் தேர்தல் நடக்கும் இடத்திலிருந்து இரண்டு மைல் தொலைவுக்குப் படைகள் விலகியிருக்க வேண்டும் என்று 1735-லேயே சட்டம் இயற்றியிருந்தார்கள். அரச குடும்பத்தின் காவலுக்கு நிற்கும் படைக்கு மட்டும் அதில் விலக்கு உண்டு. அரண்மனை வெஸ்ட்மின்ஸ்டரிலேயே இருந்ததால், நாட்டிலேயே பரபரப்பான தொகுதிகளுள் ஒன்றில் துப்பாக்கி ஏந்தியவர்கள் கூப்பிடு தூரத்தில் இருந்தார்கள்.

புதிய மக்களவை கூடியதும் வெஸ்ட்மின்ஸ்டர் வாக்காளர்களின் மனு விவாதத்துக்கு வந்தது. டிசம்பர் 22 அன்று 220-க்கு 216 என்ற வாக்கில் அந்தத் தேர்தல் செல்லாது என்று சபை முடிவெடுத்தது. தேர்தல் களத்தில் ஆயுதம் தாங்கிய படை நிற்பது குடிமக்களின் உரிமை மீதான அத்துமீறல் என்று தனித் தீர்மானமும் நிறைவேறியது. நான்கே வாக்கு வித்தியாசம். இருபது ஆண்டுகளாக அசையாதிருந்த ராபர்ட் வால்போலின் ஆட்சி அடுத்த சில வாரங்களில் விழுந்தது.

இந்த வழக்கில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். லீவர் தெருவில் போன யாரோ அல்ல. தேர்தலை நடத்தும் பொறுப்பு அவருடையது. காவலைத் தேர்தல் அதிகாரியிடம் கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாம் இன்று எளிதாகச் சொல்கிறோம். இங்கே அந்த அதிகாரியே வேலியைத் திறந்துவிட்டிருக்கிறார். காவலுக்கு வந்தது யார் என்பதற்குப் பல நேரங்களில் நல்ல விடை கிடையாது. வந்தவர்கள் பிறகு யாரிடம் கணக்குச் சொல்ல வேண்டியிருந்தது, அந்த ஆள் அவர்களை அனுப்பிய ஆளேதானா என்பதில்தான் வாக்காளரின் பாதுகாப்பு இருக்கிறது. லண்டனின் மூன்று நூற்றாண்டுத் தேர்தல் பூசல்களைப் படிக்கப் படிக்க எனக்கு இது உறுதிப்படுகிறது.

இதற்கு நேர் எதிரான கதை அறுபது ஆண்டுகளுக்கு முந்தையது. லண்டன் என்று நாம் இன்று சொல்லும் பெருநகரத்துக்குள் லண்டன் சிட்டி என்ற பழைய மதில் நகரம் தனி. அதற்குத் தனி லார்டு மேயர், தனிச் சாசனம், இரண்டு ஷெரிஃப்கள். சென்னைக்காரர்களுக்கு ஷெரிஃப் என்றால் பிரமுகர்களை வரவேற்கும் கௌரவப் பதவி நினைவுக்கு வரும். பதினேழாம் நூற்றாண்டு லண்டனில் ஷெரிஃபிடம் ஒரு கூரிய ஆயுதம் இருந்தது. வழக்குகளுக்கு ஜூரிகளைப் பொறுக்கி எடுப்பவர் அவர்தான். 1681 நவம்பரில் ஷாஃப்ட்ஸ்பரி பிரபு மீது இரண்டாம் சார்லஸ் மன்னரின் அரசு ராஜத்துரோகக் குற்றம் சாட்டியபோது, ஷெரிஃப்கள் தாமஸ் பில்கிங்டனும் சாமுவேல் ஷூட்டும் தேர்ந்தெடுத்த ஜூரி வழக்கை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டது. அடுத்த ஷெரிஃப்கள் தன் ஆட்களாக இருக்க வேண்டும் என்று மன்னர் அன்றைக்கே முடிவெடுத்திருப்பார்.

1682 ஜூன் 24. கில்ட்ஹாலில் ஷெரிஃப் தேர்தல். மன்னருக்கு இணக்கமான லார்டு மேயர் சர் ஜான் மூர், பழைய வழக்கப்படி விருந்தில் கோப்பையை உயர்த்தி டட்லி நார்த் என்ற வணிகரை ஒரு ஷெரிஃபாக முன்மொழிந்திருந்தார். இரண்டு இடத்துக்கும் தேர்தலே வேண்டும் என்று நகரத்தாரில் பெரும்பகுதியினர் தாமஸ் பாபிலோனையும் ஜான் துபுவாவையும் நிறுத்தினார்கள். வாக்கெடுப்பு தங்கள் பக்கம் போகவில்லை என்று தெரிந்ததும் மூர் கூட்டத்தை ஒத்திவைப்பதாக அறிவித்தார். ஒத்திவைக்கும் உரிமை மேயருக்கில்லை, தேர்தலை நடத்துவது நாங்கள் என்று பில்கிங்டனும் ஷூட்டும் வாக்கெடுப்பைத் தொடர்ந்தார்கள். வெளியேறும்போது நெரிசலில் மூர் தள்ளப்பட்டார், தொப்பி கீழே விழுந்தது.

கலகம் என்று சொல்ல அந்தத் தள்ளுமுள்ளே போதுமானதாக இருந்தது. ஒத்திவைப்பு செல்லும் என்றால், அதன் பிறகு மண்டபத்தில் நின்றது தேர்தல் கூட்டமாகாது, கலகக் கும்பலாகிவிடும். ஒத்திவைப்பு செல்லாது என்றால், மேயர்தான் தேர்தலைக் குலைத்தவர். ஒரே மண்டபம், அதே ஆட்கள். யாருடைய வாய்ச்சொல் சட்டம் என்பதைப் பொறுத்து அது தேர்தலாகவோ கலகமாகவோ மாறியது. இரண்டு ஷெரிஃப்களும் லண்டன் கோபுரச் சிறைக்கு அனுப்பப்பட்டு, சில நாட்களில் ஜாமீனில் வந்தார்கள். கோடை முழுவதும் நீண்ட இழுபறிக்குப் பிறகு செப்டம்பர் இறுதியில் டட்லி நார்த்தும் பீட்டர் ரிச்சும் பதவியேற்றார்கள். 1683 மே மாதம் பில்கிங்டன், ஷூட் உள்ளிட்டோர் மீது கலக வழக்கு. அந்த வழக்கைக் கேட்கும் ஜூரியை அமைத்தவர்கள், எந்தத் தேர்தலைப் பற்றி வழக்கோ அதே தேர்தலில் வென்றதாக அறிவிக்கப்பட்ட ஷெரிஃப்கள். பிரதிவாதிகள் இதைச் சுட்டிக்காட்டிய ஆட்சேபம் எடுபடவில்லை. அபராதம் விதிக்கப்பட்டது. அடுத்த மாதமே லண்டன் சிட்டியின் சாசனம் பறிபோனதாக நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அமைதி காக்கப்பட்டது, உண்மைதான். அதை விசாரிக்க மன்னரின் ஆட்களைத் தவிர வேறு யாரும் மிஞ்சவில்லை. 1688 புரட்சி வந்து, 1690-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் சாசனம் மீண்டபோது லார்டு மேயர் நாற்காலியில் பில்கிங்டன் உட்கார்ந்திருந்தார்.

பதினெட்டாம் நூற்றாண்டில் இந்த இழுபறிக்கு வேறொரு வடிவம் வந்தது. படை மன்னருடையது. ஆனால் அதைத் தெருவில் இறக்கக் கூப்பிடும் வாய் உள்ளூர் மாஜிஸ்திரேட்டுடையது. கலகச் சட்டத்தின் அறிவிப்பை அவர்தான் கூட்டத்தின் முன் வாசிக்க வேண்டும். பன்னிரண்டு பேரோ அதற்கு மேலோ ஒரு மணி நேரத்துக்குள் கலையாவிட்டால் கடுங்குற்றம். ஆக, லண்டனில் அரசுக்கு ஒரு கூட்டத்தைப் படையால் கலைக்க வேண்டுமென்றால், உள்ளூர்க்காரர் ஒருவரின் தயக்கத்தை முதலில் கலைத்தாக வேண்டும்.

1768 மார்ச் 28 அன்று பிரென்ட்ஃபோர்டில் நடந்த மிடில்செக்ஸ் தேர்தலில் ஜான் வில்க்ஸ் 1,292 வாக்குகளுடன் முதலிடம் பிடித்தார். அரசால் தேடப்பட்டு நாட்டைவிட்டு ஓடித் திரும்பியிருந்த பத்திரிகைக்காரர் அவர். வெற்றிக் கொண்டாட்டத்தில் விளக்கேற்றாத வீடுகளின் ஜன்னல்கள் நொறுங்கின, லார்டு மேயர் மாளிகையும் தப்பவில்லை. ஏப்ரல் 17 அன்று அமைச்சர் வேமவுத் பிரபு, சர்ரே மாஜிஸ்திரேட்டுகளின் தலைவரான டேனியல் பாண்டனுக்கு ஒரு கடிதம் எழுதினார். உள்ளூர்க் காவலர்களால் முடியாதபோது படையை அழைக்கத் தயங்க வேண்டாம் என்பது அதன் சாரம். மே 10 அன்று, வில்க்ஸ் அடைபட்டிருந்த சிறைக்கு வெளியே செயின்ட் ஜார்ஜ் ஃபீல்ட்ஸ் திடலில் பெருங்கூட்டம். மாஜிஸ்திரேட் சாமுவேல் கில்லம் அறிவிப்பை வாசித்தார், படை சுட்டது, குறைந்தது 6 பேர் இறந்தார்கள். அவர்களில் வில்லியம் ஆலன் என்ற இளைஞர் வேறொருவர் என்று தவறாக நினைத்துத் துரத்திக் கொல்லப்பட்டவர்.

இதற்கும் விசாரணை நடந்தது. கில்லம் கொலைக் குற்றச்சாட்டில் ஓல்டு பெய்லி நீதிமன்றத்தில் நின்று விடுதலையானார். ஆலன் வழக்கில் நிறுத்தப்பட்ட சிப்பாயும் விடுதலை. போர்த்துறைச் செயலர் பாரிங்டன் பிரபு படையினருக்கு நன்றிக் கடிதம் அனுப்பினார். வேமவுத்தின் கடிதத்தை அந்த டிசம்பரில் வில்க்ஸ் பத்திரிகையில் வெளியிட்டுவிட்டார். அதற்குக் கணக்குச் சொல்ல வேண்டியவர் வேமவுத். ஆனால் 1769 பிப்ரவரியில் மக்களவையிலிருந்து நீக்கப்பட்டவர் வில்க்ஸ், அந்த வெளியீடும் காரணங்களில் ஒன்று. இதற்கிடையே டிசம்பர் 8 அன்று பிரென்ட்ஃபோர்டு இடைத்தேர்தலில் கூலிக் கும்பல் ஒன்று மேடையைத் தாக்கியது, ஜார்ஜ் கிளார்க் என்பவர் அடிபட்டு இறந்தார். இருவருக்குக் கொலைத் தீர்ப்பு வந்தது. மன்னர் மன்னித்துவிட்டார். 1742-இல் மக்களவை வைத்த கணக்கு, ஒரு தலைமுறைக்குள் இப்படி அழிந்தது.

மறுபடி கோவென்ட் கார்டன், 1784. சார்லஸ் ஜேம்ஸ் ஃபாக்ஸ் ஒரு பக்கம், அட்மிரல் ஹூடும் சர் செசில் ரேயும் அரசின் பக்கம். ஏப்ரல் 1-இல் தொடங்கிய வாக்கெடுப்பு மே 17 வரை நீண்டது. ஹூடின் மாலுமிகளும், ஃபாக்ஸுக்காக வந்த பல்லக்குத் தூக்கும் ஐரிஷ்காரர்களும் சதுக்கத்தில் மோதிக்கொண்டார்கள். வெஸ்ட்மின்ஸ்டருக்குச் சொந்தக் காவலர்கள் இருந்தார்கள். ஆயினும் மே 10 அன்று, நகரின் மறுகோடியான டவர் ஹேம்லெட்ஸ் பகுதியிலிருந்து மாஜிஸ்திரேட் வில்மட்டின் காவலர்கள் கொண்டுவரப்பட்டுச் சதுக்கத்தில் நிறுத்தப்பட்டார்கள். ஃபாக்ஸின் ஆட்களுக்கு அவர்கள் அமைதி காக்க வந்தவர்களாகத் தெரியவில்லை, கையில் தடியோடு வந்த எதிர்க்கட்சியாகவே தெரிந்தார்கள். அன்றைய மோதலில் நிக்கோலஸ் காசன் என்ற காவலர் அடித்துக் கொல்லப்பட்டார். கொலை வழக்கில் நிறுத்தப்பட்டவர்கள் விடுதலையானார்கள்.

ஒரு எளிய மனிதரின் உயிர் போனது. அந்த இடத்தின் முகங்களை அவர் அறிந்தவரல்ல, அவரையும் அங்கே யாரும் அறிந்திருக்கவில்லை. எந்தக் கூச்சல் வழக்கமானது, எது ஆபத்தானது என்று உள்ளூர்க் காவலருக்குத் தெரியும். வெளியிலிருந்து வந்தவருக்கு எல்லாக் கூச்சலும் ஒன்றுதான். அதே சமயம் உள்ளூர்க் காவலர் உள்ளூர்க் கட்சிக்காரராகவும் இருப்பார் என்பதும் உண்மை. இந்த முடிச்சை லண்டன் இன்றுவரை முழுதாக அவிழ்க்கவில்லை.

அந்தத் தேர்தலில் ஃபாக்ஸ் 200-க்கு மேற்பட்ட வாக்குகளில் ரேயை முந்தியிருந்தும், ஹை பெய்லிஃப் தாமஸ் கார்பெட் மறு ஆய்வு என்ற பெயரில் முடிவை அறிவிக்காமல் மாதக்கணக்கில் இழுத்தார். ஃபாக்ஸ் அவர் மீது வழக்குப் போட்டு 1786-இல் 2,000 பவுண்ட் இழப்பீடு பெற்றார். வாக்கெடுப்பு 15 நாளுக்கு மேல் நீளக் கூடாது என்று 1785-லேயே சட்டம் வந்துவிட்டது. எந்தப் படையாலும் வராத அமைதி, நாட்களைக் குறைத்ததால் ஓரளவு வந்தது.

1829-இல் உள்துறை அமைச்சர் ராபர்ட் பீல் பெருநகரக் காவல்துறையை உருவாக்கினார். அது உள்துறை அமைச்சருக்குக் கட்டுப்பட்டது. லண்டன் சிட்டி அதற்குள் வர மறுத்து, 1839-இல் தனக்கெனத் தனிக் காவல்துறைச் சட்டம் வாங்கிக்கொண்டது. ஒரு சதுர மைல் பரப்புக்கு இன்றும் தனிப் போலீஸ் இருப்பது அதனால்தான். 1829 சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவு, அந்தக் காவலர்கள் நாடாளுமன்றத் தேர்தலில் வாக்களிக்கவும் வாக்குக் கேட்கவும் தடை விதித்தது. வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு 1887-இல்தான் திரும்பியது. அரசின் சம்பளம் வாங்கும் ஆயிரக்கணக்கானவர்களைத் தேர்தல் களத்தில் நிறுத்தும்போது, அவர்கள் கட்சி சேராதவர்கள் என்று மக்களை நம்பவைக்க அந்த விலை கொடுக்க வேண்டியிருந்தது. 1872-இல் ரகசிய வாக்கெடுப்பு வந்து மேடை ஒழிந்தது. சாவடிக்குள் அமைதி காக்கும் பொறுப்பு அங்குள்ள தலைமை அலுவலரிடம் வந்தது. இன்றும் சாவடிக்குள் ஒழுங்கு குலைத்தால் வெளியேற்றச் சொல்பவர் அவர், கையைப் பிடித்துக் கூட்டிப் போவதுதான் காவலர் வேலை. அந்த அதிகாரத்தைக் கொண்டு வாக்குரிமை உள்ள ஒருவரின் வாக்கைத் தடுத்துவிடக் கூடாது என்றும் விதி சொல்கிறது.

லண்டனில் வாழும் தமிழர் பலருக்கு, வெளியூர்க் காவலர் தேர்தலுக்கு வருவது என்றால் நினைவுக்கு வருவது கோவென்ட் கார்டன் அல்ல. 1981 ஜூன் 4 மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தலுக்காகத் தெற்கிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கூடுதல் பொலிசார் அனுப்பப்பட்டார்கள். மே 31 அன்று நாச்சிமார் கோவிலடியில் தமிழர் விடுதலைக் கூட்டணியின் கூட்டத்தில் பொலிசார் சுடப்பட்டதைத் தொடர்ந்து, பாதுகாப்புக்கு வந்தவர்களே ஊரைக் கொளுத்தினார்கள். கூட்டணி அலுவலகம், ஈழநாடு அச்சகம், யாழ் நாடாளுமன்ற உறுப்பினரின் வீடு, யாழ் மாநகர சபைக்குச் சொந்தமான பொது நூலகம் எல்லாம் எரிந்தன. நூலகத்தில் மட்டும் 95,000-க்கு மேற்பட்ட நூல்கள். அமைச்சர்கள் சிறில் மத்தியூவும் காமினி திசாநாயக்கவும் அப்போது யாழ்ப்பாணத்திலேயே இருந்தார்கள். தேர்தல் குறித்த நாளில் நடத்தப்பட்டது. யாழ் மாவட்டத்தின் பத்து இடங்களையும் கூட்டணி வென்றது. நூலகத்தை எரித்ததற்காக ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. நகரத்தின் உடைமையை அரசின் காவலர் அழித்தால் நகரம் யாரிடம் போய் நிற்கும் என்ற கேள்விக்கு இலங்கையின் அமைப்பில் பதிலே இல்லை. 1683-இல் லண்டன் சிட்டிக்கு இருந்த நிலை அதுதான். ஆனால் அங்கே பறிபோனது ஒரு சாசனம், அது திரும்பி வந்துவிட்டது.

தமிழ்நாட்டில் இதே கேள்வி வேறு தளத்தில் எழுந்தது. தேர்தல் காலத்தில் அப்பணிக்கு நியமிக்கப்படும் போலீஸ் அதிகாரிகள் தேர்தல் ஆணையத்தின் கட்டுப்பாட்டுக்குள் வருவார்கள் என்று மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 28அ பிரிவு 1989 முதல் சொல்கிறது. ஆனால் மத்தியப் படைகளை எங்கே நிறுத்துவது என்பதை ஆணையம் முடிவு செய்வதா, அரசு முடிவு செய்வதா? 1993-இல் இராணிப்பேட்டை இடைத்தேர்தலை ஒட்டி இது வெடித்தது. ஆகஸ்ட் 2 அன்று தலைமைத் தேர்தல் ஆணையர் டி.என்.சேஷன் நாடு முழுவதும் தேர்தல்களையே நிறுத்திவைத்து உத்தரவிட்டார். உச்ச நீதிமன்றம் தலையிட்ட பிறகே சிக்கல் தளர்ந்தது. சேஷனின் முறையை விரும்பாதவர்கள் உண்டு. ஆனால் அனுப்புகிறவரும் கணக்குக் கேட்கிறவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பதை அவர் சரியாகப் பிடித்திருந்தார்.

1784-இல் காவலர்களை அனுப்பிய அதே டவர் ஹேம்லெட்ஸில் 2014 மே 22 அன்று மேயர் தேர்தல் நடந்தது. வாக்குச்சாவடிகளில் போலீஸ் நின்றது. வாசலுக்கு வெளியே ஆதரவாளர்கள் கூட்டம் கூட்டமாக நின்று, வருகிற வாக்காளர்களை மறித்துத் துண்டுப் பிரசுரம் திணிப்பதாகப் புகார்கள் வந்தன. லுத்ஃபுர் ரஹ்மான் மீண்டும் மேயரானார். மத்திய அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் அந்த ஆண்டு இறுதியில் ஆணையர்களை அனுப்பி நகரமன்றத்தின் சில அதிகாரங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். நகரமன்றம் எதிர்த்தது. இந்த இழுபறிக்கு நடுவில், அரசோ நகரமன்றமோ போலீசோ செய்யாத காரியத்தை நான்கு சாதாரண வாக்காளர்கள் செய்தார்கள். தேர்தல் மனு போட்டார்கள். 2015 ஏப்ரல் 23 அன்று தேர்தல் நீதிமன்ற ஆணையர் ரிச்சர்டு மாவ்ரி அந்தத் தேர்தலைச் செல்லாது என்று அறிவித்து, ஊழல் நடைமுறைகளுக்காக ரஹ்மானுக்குத் தேர்தலில் நிற்க ஐந்தாண்டுத் தடை விதித்தார். தடைக்காலம் முடிந்தபின் 2022-இல் அவரே மறுபடி மேயரானார், அது வாக்காளரின் உரிமை.

அந்தத் தீர்ப்பில் என்னை நிறுத்திய பகுதி வேறு. வாக்குச்சாவடி வாசல் மிரட்டல் என்ற குற்றச்சாட்டு மட்டும் சட்டம் கேட்கும் அளவுக்கு நிரூபணமாகவில்லை. கூட்டம் இருந்தது, நெருக்கடி இருந்தது, வாக்காளர் தயங்கினார். ஆனால் வன்முறையோ அதன் அச்சுறுத்தலோ என்ற பழைய வரையறைக்குள் அது அடங்கவில்லை. சாவடிக்குள் தலைமை அலுவலர் அதிகாரம் பெற்றவர், தெருவில் போலீஸ் அதிகாரம் பெற்றது. இரண்டுக்கும் நடுவில் சில அடி தூரம், இருவரும் மற்றவரைப் பார்க்கும் இடம். 2023-இல் வந்த வாக்கு ரகசியச் சட்டம் வாக்காளரின் மறைப்புக்குள் இன்னொருவர் கூட வருவதைக் குற்றமாக்கியிருக்கிறது. நல்ல சட்டம்தான், ஆனால் அதுவும் உள்ளே இருக்கும் இடத்துக்கு.

1742-இல் மக்களவை தானே கேட்ட கணக்கை இன்று கேட்க வேண்டியவர் தனி வாக்காளர். தேர்தல் முடிந்து 21 நாளுக்குள் மனு போட வேண்டும், உள்ளாட்சித் தேர்தலென்றால் 2,500 பவுண்ட் வரை முன்பணம் கட்ட வேண்டும், தோற்றால் எதிர்த்தரப்பின் வழக்குச் செலவும் தலையில் விழும். டவர் ஹேம்லெட்ஸின் நால்வர் அந்தத் துணிச்சலைக் காட்டினார்கள். டவர் ஹேம்லெட்ஸைப் போன்ற பரோக்கள் என்ற உள்ளாட்சிப் பகுதிகள் லண்டனில் 32 இருக்கின்றன. வீட்டு வாடகைக்கே திண்டாடும் ஒரு வாக்காளர் தன் சாவடி வாசலில் நடந்ததை நீதிமன்றம் வரை கொண்டுபோக, இந்தச் செலவைப் பொதுப் பணம் ஏற்கும்படி சட்டம் மாற வேண்டும். அந்தத் திருத்தத்தை எந்த அரசும் இன்னும் கொண்டுவரவில்லை.